நம்மூர் ஆட்கள் வராத இடம்

"இது வேணாம்" என்றாள் சத்யப்ரியா.

சூரியபிரகாஷுக்குப் பொறுமை போய்விட்டது. கோவளத்தில் இரண்டு நாள் தங்க ஓர் இடம் பிடிக்க வேண்டும். அதற்குத் திருநகர் வீட்டு ஹாலில் ஒரு வாரமாகப் பஞ்சாயத்து நடக்கிறது.

"இதுக்கு என்ன குறைச்சல்? படுக்கையிலருந்தே கடல் தெரியுது. காலையில டிபன் வேற வாடகையிலயே சேர்த்தி."

"போன மாசம் உங்க ஆபீஸ்காரங்க அங்கதான தங்குனாங்க?"

"ஆமா. நல்லாருக்குன்னு அவங்கதான் சொன்னாங்க."

"அதான் வேணாங்குறேன்."

அவன் செல்போனில் அடுத்த விடுதியைத் தள்ளிக் காட்டினான். தென்னந்தோப்புக்கு நடுவில் அழகான இடம். ஆனால் பசுமலைச் சித்தப்பா குடும்பம் வருஷா வருஷம் அங்கேதான் போகிறதாம். வேண்டாம். அதற்கடுத்ததில் நீச்சல் குளம் இல்லை. அதுவும் வேண்டாம்.

கடைசியில் அவளே ஒரு விடுதிக்குப் போன் போட்டாள்.

"சார், உங்க ஸ்விம்மிங் பூல் எம்புட்டு ஆழம்? ... சரி. மதுரைக்காரங்க அங்க நெறைய வருவாங்களா? ... வரமாட்டாங்களா? அப்ப ரெண்டு ரூம் போட்டுருங்க."

கன்னியாகுமரியில் அலை கணுக்காலைத் தொட்டதற்கே அலறி ஊரைக் கூட்டியவள் இவள். இவளுக்கு எதற்கு நீச்சல் குளம், அதுவும் ஆழமாக?

மறுநாள் ஒரு பார்சல் வந்தது. பிரித்துப் பார்த்ததும் எல்லாம் புரிந்துவிட்டதாக நினைத்துக்கொண்டான் சூரியபிரகாஷ். உள்ளே கறுப்பு நிறத்தில், கழுத்திலிருந்து முழங்கால் வரை மூடுகிற நீச்சல் உடை.

"குடும்பத்துப் பொம்பளைக்கு இதெல்லாம் தேவையா?"

அடுப்படியில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள் அவன் அம்மா ரெங்கம்மாள். அவள் கை அப்படியே நின்றது.

"ஆசைதான்" என்றாள் சத்யப்ரியா.

"நல்ல ஆசை. பாக்குறவங்க காறித் துப்புவாங்க."

"அதான் தெரிஞ்சவங்க வராத இடமாப் பாத்தேன்."

"தெரியும்டி. உனக்கு இன்னொரு கணக்கும் இருக்கு. வெத்தல போட்ட வாயோட எங்கம்மா உன் பக்கத்துல நடந்து வந்தா உனக்குக் கேவலம். அதைத் தெரிஞ்சவங்க யாரும் பாத்துரக் கூடாது. அதான?"

சத்யப்ரியாவுக்குக் கண் கலங்கிவிட்டது. ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அடுப்படிப் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். பிறகு நீச்சல் உடையை மடித்துப் பார்சலுக்குள்ளேயே வைத்தாள்.

ரெங்கம்மாள் சேலையில் கையைத் துடைத்தபடி எழுந்து வந்தாள்.

"நான் வரலப்பா. நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க."

"பாத்தியா? அவங்களுக்கே தெரிஞ்சுபோச்சு."

"நீங்க வரலேன்னா நானும் போகல அத்தே" என்றாள் சத்யப்ரியா. சொன்ன வேகத்தில் தகராறு அத்தோடு நின்றது.

என்னமா நடிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டான் அவன். பெண்டாட்டி மனதில் இருப்பதெல்லாம் தனக்குத் தெரியும் என்று கல்யாணமான ஆண்களுக்கு ஒரு நம்பிக்கை. யார் கொடுத்த நம்பிக்கையோ.

மூன்று பேரும்தான் போனார்கள். வழியெல்லாம் அவன் மனைவியோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. பின் சீட்டில் அம்மாவும் மருமகளும் குசுகுசுவென்று பேசிக்கொண்டு வந்தது வேறு அவனுக்கு எரிச்சலாக இருந்தது.

மறுநாள் காலை எழுந்தபோது பக்கத்தில் சத்யப்ரியாவைக் காணோம். குளத்துக்குத்தான் போயிருப்பாள். நாலு வார்த்தை கேட்டுவிடலாம் என்று படியிறங்கிப் போனான்.

அவள் சுடிதார் போட்டுக்கொண்டு, துண்டும் கையுமாகக் குளத்தை விட்டுத் தள்ளியே உட்கார்ந்திருந்தாள். கால் விரலைக்கூட நனைத்திருக்கவில்லை.

குளத்தின் ஒரு முனையில் கறுப்பு நீச்சல் உடையும் ரப்பர் தொப்பியுமாக ஓர் அம்மாள் நின்றிருந்தார். முகம் சரியாகத் தெரியவில்லை. கையிரண்டையும் தலைக்கு மேல் கூப்பி, ஓர் எம்பு எம்பித் தலைகீழாகப் பாய்ந்தார். அவ்வளவுதான், ஆளைக் காணோம். முழு நீளத்தையும் தண்ணீருக்குள்ளேயே கடந்து மறுமுனையில் போய் எழுந்தார்.

"அடேயப்பா" என்றான் சூரியபிரகாஷ். "யாரு அந்தம்மா? இந்த வயசுல இந்தப் போடு போடுறாங்க. நீயும்தான் இருக்கியே."

அந்த அம்மாள் இந்தப் பக்கம் திரும்பாமலே, முகத்துத் தண்ணீரை வழித்துக்கொண்டு குரல் கொடுத்தார்.

"சத்யா, நம்மூர் ஆளுக யாரும் வரலேல்ல?"

பிறந்ததிலிருந்து அவன் கேட்டு வளர்ந்த குரல்.

"கல்யாணத்துக்கு முன்னாடி அத்தைக்குப் பொழுதன்னைக்கும் கிணத்து நீச்சல்தானாம்" என்றாள் சத்யப்ரியா, மெதுவாக. "வாக்கப்பட்டு வந்த புதுசுல நம்மூர்க் கிணத்துலயும் ஒரு நாள் குதிச்சிருக்காங்க. மருமக கிணத்துல குதிக்கிறான்னு ஊரே பேசியிருக்கு. அன்னைக்கு விட்டதாம். இன்னொரு தடவை நீந்திப் பாக்கணும்னு எங்கிட்டக் கேட்டாங்க. உங்ககிட்டச் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாங்க. ஊர்க்காரங்களை விட உங்களுக்குத்தான் ரொம்பப் பயந்தாங்க."

அம்மா கேட்டுக்கொண்டிருக்கும்போதே தான் பேசிய பேச்செல்லாம் அவனுக்கு ஞாபகம் வந்தது. வெட்கமாக இருந்தது. மனைவியின் கையிலிருந்த துண்டை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"என்ன புள்ள, பேச்சையே காணோம்? யாரும் வரலேல்ல?" ரெங்கம்மாள் மறுபடியும் கேட்டாள்.

"யாரும் வரலம்மா" என்றான் சூரியபிரகாஷ். "நீ இன்னொருக்கா குதி."