சேறு விற்ற தவளைகள்

நெருங்கி உட்காருங்க, காத்து பலமா அடிக்குது.

குட்டைச் சேற்றை ஒரு தவளையும் அவன் பெண்டாட்டியும் எருமைகளுக்கு விற்றுப் பிழைத்தார்கள். விலை, எருமையோடு வரும் ஈக்கள். அந்தக் கோடையில் ஓர் எருமையும் எட்டிப் பார்க்கவில்லை. சேறு காயத் தொடங்கியது, வீட்டில் பட்டினி. தவளை எருமைகளைக் கூப்பிட்டுப் பாறைமேல் கத்தினான், முச்சந்தியில் கத்தினான், பனையுச்சியிலும் ஏறிக் கத்தினான்.

"ஊரே என்னைப் பார்த்துச்சுடி!"

"பார்த்தது பூரா காக்காயும் குருவியும். எருமை என்னிக்காவது தலை நிமிர்ந்து மரத்தைப் பார்த்திருக்காய்யா?"

"அப்ப இன்னும் உசரமான மரமா ஏறட்டுமா?"

அவள் எருமைகள் படுத்து அசைபோடும் புளியமர நிழலுக்குத் தத்திப் போனாள். மந்தைக்கு மூத்த எருமையின் காதோரம் ஏறி, "அக்கா, சேறு இன்னும் குளுகுளுன்னு இருக்கு" என்றாள். எருமை எழுந்தது. அதன் கொம்படியில் இருந்த ஓர் ஈயை அவள் அச்சாரமாக நாக்கில் சுருட்டிக்கொண்டாள்.