பாஸ் அப்

“பாஸ் அப்னா தப்பாம்! எனக்கே பாடம் எடுக்குது அந்தம்மா!”

அடைக்கப்பன் கைப்பேசியைச் சோபாவில் எறிந்தார். டத்தோ கிராமாட் வட்டாரத்தில் இருபது வருடமாக ஆங்கில டியூஷன் எடுப்பவர். அவரை வாட்சப்பில், அதுவும் பெற்றோர் குழுவில் திருத்தினால் சும்மா இருப்பாரா?

“யாருங்க?” என்றாள் மனைவி தெய்வானை, வெங்காயம் நறுக்கிக்கொண்டே.

“நோர்மா. நம்மகிட்ட டியூஷன் படிக்கிற மர்ஜானாவோட அம்மா. ஹோம்வொர்க்க வெள்ளிக்கிழமைக்குள்ள பாஸ் அப் பண்ணச் சொல்லிப் போட்டேன். உடனே, ‘சார், பாஸ் அப்னா கிடைச்ச வாய்ப்ப வேணாம்னு விடுறது. ஹோம்வொர்க்க ஹேண்ட் இன் பண்ணணும்’னு பதில். நாம படிச்சப்ப எல்லா டீச்சரும் பாஸ் அப்னுதானே சொன்னாங்க லா!”

“எதுக்கும் டிக்‌ஷனரியப் பாத்துடுங்களேன்.”

முறைத்தார். ஆனாலும் பார்த்தார். ஒன்றுக்கு மூன்று அகராதியாகப் பார்த்தார். முகம் தொங்கிப்போயிற்று.

“அந்தம்மா சரியாத்தான் சொல்லியிருக்கு.”

“திங்கக்கிழமை இன்டர்வியூல இதச் சொல்லியிருந்தீங்கன்னா?”

அவருக்குக் குப்பென்று வியர்த்தது. சர்வதேசப் பள்ளி வேலை, பல வருடக் கனவு. தலைமையாசிரியர் லண்டன்காரர். அவர் எதிரில் ஒரு மாதிரிப் பாடம் வேறு நடத்திக் காட்ட வேண்டும். வாய்ப் பழக்கத்தில் பத்து ‘பாஸ் அப்’பாவது வந்திருக்கும்.

“நல்லவேளை, தப்பிச்சேன்!”

வீராப்பை விட்டுவிட்டு, ‘நீங்கள் சொன்னதே சரி, மிக்க நன்றி’ என்று நோர்மாவுக்குக் குழுவிலேயே எழுதினார். இதயங்கள் வந்து குவிந்தன. மனிதருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

“மீ கோரேங் நூடுல்ஸ் கடை வச்சிருக்கிற அம்மாவுக்கு எவ்வளவு அறிவு பாரு! நீயும் இருக்கியே, எப்பப் பாத்தாலும் அடுப்படியிலேயே!”

தெய்வானை சிரித்துக்கொண்டாள். அவர் குளிக்கப் போனதும் கைப்பேசியை எடுத்துக் குரலைத் தாழ்த்திப் பேசினாள்.

“நோர்மாக்கா, நான் எழுதிக் குடுத்தத அப்படியே போட்டதுக்கு ரொம்ப தேங்ஸ். ரெண்டு வருஷமா நானும் இதையேதான் சொல்றேன், பொண்டாட்டி சொன்னா அவருக்கு ஏறாது. இன்டர்வியூக்கு முன்னால திருத்த இன்னும் நாலு தப்பு இருக்கு, தினம் ஒண்ணா அனுப்புறேன், போட்டுடுங்க!”