குறையாத எடை

"மூணு மாசமா தினமும் நடக்கிறா. ஒரு கிராம் குறையல. நீங்களே பாருங்க டாக்டர்."

அம்மா எடைச் சீட்டை மேஜைமேல் வைத்தாள். ஐம்பத்தெட்டு கிலோ. போன தடவையும் அதே ஐம்பத்தெட்டு.

பதினொரு வயது மகள் கோட்டுப் பைக்குள் கையை விட்டுக்கொண்டு, சுவரில் மாட்டியிருந்த குடல் படத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

இரண்டு நாற்காலி தள்ளி அப்பா. மெக்கானிக். வீட்டை விட்டுத் தனியாகப் போய் ஒரு வருஷம் ஆகிறது.

"நடக்கக் கூட்டிட்டுப் போறது இவர்தான். காலையில வருவார், ஒரு மணி நேரத்துல கொண்டாந்து விட்டுட்டுப் போவார். நடுவுல எந்தக் கடையில என்ன வாங்கிக் கொடுக்கிறாரோ."

"ஒரு மிட்டாய்கூட வாங்கினதில்ல" என்றார் அப்பா.

"அப்போ காத்தைக் குடிச்சே ஐம்பத்தெட்டுல நிக்கிறாளா?"

அப்பா மகள் பக்கம் திரும்பினார். "குட்டி, நீயே சொல்லேன்."

குட்டி குடல் படத்தின் பக்கம் இன்னும் கொஞ்சம் சாய்ந்தாள். சிறுகுடலை அவ்வளவு ஆர்வமாக அதுவரை யாரும் பார்த்ததில்லை.

"உங்க சண்டையை வெளியில வெச்சுக்கலாம்" என்றார் டாக்டர். "ரத்தம் என்ன சொல்லுதுன்னு பார்ப்போம்."

ரிப்போர்ட்டை ஒரு முறை படித்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு முறை படித்தார்.

"ட்ரைகிளிசரைடு போன தடவை நூத்தித் தொண்ணூறு. இப்ப நூத்திப்பத்து. நல்ல கொழுப்பும் கொஞ்சம் ஏறியிருக்கு."

"அப்படின்னா?"

"ரத்தத்துல கொழுப்பு நல்லாவே இறங்கியிருக்கு. சில பிள்ளைங்களுக்கு எடை குறையாமலேகூட இறங்கும். ஆனா இவளுக்கு முகமும் இளைச்சிருக்கே. தராசு மட்டும்தான் ஒத்துக்க மாட்டேங்குது." மகள் பக்கம் திரும்பினார். "கோட்டைக் கழட்டிட்டு இன்னொரு தடவை ஏறி நில்லும்மா."

"குளிருது."

நர்ஸ் ஃபேனை நிறுத்தினாள். "இப்போ?"

"இப்பவும் குளிருது."

நர்ஸே கோட்டைக் கழட்டினாள். வாங்கிய கை சட்டென்று தொய்ந்தது. உள்ளே கலகலவென்று சத்தம்.

பைகளிலிருந்து ஒவ்வொன்றாக வெளியே வந்தன. நட்டு, போல்ட்டு, துருப்பிடித்த பேரிங் இரண்டு, ஒரு பெரிய ஸ்பேனர்.

"என்னோடதுதான்" என்றார் அப்பா மெதுவாக. வீட்டை விட்டுப் போனபோது எடுத்துக்கொள்ளாமல் விட்ட டூல்ஸ் பெட்டியில் இருந்தவை அவை.

தராசு இப்போது ஐம்பத்தைந்து என்றது.

நர்ஸுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "எடையைக் குறைச்சுக் காட்ட வாட்ச்சைக் கழட்டுறவங்க உண்டு. ஹேர்பின்னைக் கழட்டினவங்களையும் பார்த்திருக்கேன். கூட்டிக் காட்ட ஸ்பேனரோட வந்தது நீ ஒருத்திதான்."

அம்மா சிரிக்கவில்லை. "இப்படி ஏமாத்த யாரு சொல்லிக் கொடுத்தது?" என்றாள். பார்வை அப்பாமேல் இருந்தது.

"எனக்கே இப்பதான் தெரியும்" என்றார் அவர்.

"யாரும் சொல்லிக் கொடுக்கல." மகள் குடல் படத்தை விட்டு முதல் முறையாக அம்மாவைப் பார்த்தாள். "எடை குறையற வரைக்கும் அப்பா வந்தா போதும்னு நீதானேம்மா சொன்னே. குறைஞ்சிடுச்சுன்னா அவர் வரமாட்டாரே."

டாக்டர் அவசரமில்லாத எதையோ அவசரமாக எழுத ஆரம்பித்தார். அப்பா ஸ்பேனரின் துருவைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டிருந்தார்.

அம்மா ரிப்போர்ட்டை மடித்தாள். அது சரியாகத்தான் மடிந்திருந்தது. பிரித்து மறுபடி மடித்தாள். கைப்பையில் வைத்துக்கொண்டு எழுந்தாள்.

"நாளைக்கு ஆறு மணிக்கே வந்து நிக்காதீங்க" என்றாள், அப்பாவைப் பார்க்காமல். "ஆறரைக்கு வாங்க."

கதவு வரை போனவள் நின்றாள்.

"என் ஷூ எங்க கிடக்குன்னு தேடணும்."