மாடியறை ஜெபம்

"மாடியில யாரு கூட பேசிக்கிட்டு இருந்த?"

திராட்சைத் தோட்டத்திலிருந்து வந்த மாமனார் ஆரோக்கியசெல்வம் செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டார். ஜெசிந்தா கையைப் பின்னால் மறைத்தாள். காதிலிருந்து பிடுங்கிய இயர்போன் இன்னும் உள்ளங்கைக்குள் இருந்தது.

என்னவென்று சொல்வாள்? ஆயிரக்கணக்கான வருஷங்களுக்கு முன்பே செத்துப்போன சுமேரிய மொழியின் வேற்றுமை உருபுகளை ஆன்லைனில் படிக்கிறேன் என்றா? அதில் தேறினால் வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் உதவித்தொகையோடு ஆராய்ச்சிக்கு இடம் கிடைக்கும் என்றா? "எம்.ஏ. படிச்சது போதும்" என்று நிச்சயதார்த்தத்தன்றே கறாராகச் சொன்ன மனிதர் அவர். தெரிந்தால் போன் பீரோவுக்குள் போய்விடும். கணவன் அருண் ஜோசப்போ அப்பா கிழித்த கோட்டைத் தாண்டுகிற ஆளில்லை.

"லுகல்ரா, லுகல்தாங்குற. யாரு அவன்?"

லுகல் என்றால் ராஜா. லுகல்ரா, ராஜாவுக்கு. லுகல்தா, ராஜாவோடு. இதைச் சொல்ல வாய் திறப்பதற்குள் மாமியார் செபஸ்தியம்மாள் அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"வாயக் கழுவுங்க. அது அந்நிய பாஷை. ஆவியானவரு நம்ம மருமக மேல எறங்கியிருக்காரு. நா கொஞ்ச நாளாவே கவனிக்கிறேன்."

ஜெசிந்தாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஜெபக் கூட்டங்களில் ஒன்றிரண்டு பேருக்குப் பரிசுத்த ஆவி வந்து, யாருக்கும் புரியாத மொழியில் பேசுவது அனுமந்தன்பட்டிக்குப் புதிதல்ல. அப்படிப் பேசுகிறவர்களுக்கு ஊரில் தனி மரியாதை. ஆனால் இலக்கணப் பாடத்துக்கு அந்த மரியாதை கிடைக்கும் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை. மாமனார் சிலுவை போட்டுக்கொண்டு, சத்தமில்லாமல் செருப்பைக் கழற்றினார்.

"அவ ஜெபத்துல இருக்கையில யாரும் கூப்பிடக் கூடாது. அடுப்படிய நா பாத்துக்கிருவேன்" என்றாள் மாமியார்.

அன்றிலிருந்து மாடியறைக்கு யாரும் ஏறவில்லை. ஜெசிந்தா கதவைச் சாத்திக்கொண்டு மனம்போலப் படித்தாள். தமிழில் ராஜா வந்தாலும் ராஜா வீடு கட்டினாலும் ராஜா வெறும் ராஜாதான். சுமேரியத்திலோ, வந்தால் லுகல், ஒன்றைக் கட்டினால் லுகலே. செய்தவனைக் காட்டிக்கொடுக்க அங்கே ஓர் உருபு உண்டு. அதைப் படித்தபோது தன் குட்டும் இப்படி ஒருநாள் வெளிப்பட்டுவிடுமோ என்று அவளுக்குக் குளிரெடுத்தது.

அதைவிட மாமியாரைப் பார்க்கத்தான் சங்கடமாக இருந்தது. அந்த மனுஷிக்குத் திடீரென்று பக்தி முற்றிவிட்டது. சனிக்கிழமை ஆனால் போதும், முக்காடு போட்டுக்கொண்டு, சாமியாரிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனத்துக்குக் கோயிலில் போய் வரிசையில் நின்றுவிடுவாள். "வாராவாரம் போறாளே, கொலை எதுவும் பண்ணிட்டாளா?" என்று மாமனார் கேலி பேசுவார். எறும்பைக்கூட மிதிக்காதவள் அவள். உண்மையில் அந்த வரிசையில் நிற்க வேண்டியவள் நான்தான் என்று ஜெசிந்தா நினைத்துக்கொள்வாள். குற்ற உணர்ச்சியில் அவள் பூசையில் நற்கருணை அப்பம் வாங்குவதையே நிறுத்திவிட்டாள்.

வாய்மொழித் தேர்வு ஒரு சனிக்கிழமை மத்தியானம் வைத்திருந்தார்கள். வீடியோவில் பேராசிரியர் வந்து வணக்கம் சொன்ன அதே நேரம் கீழே கைத்தட்டலும் பாட்டும் கிளம்பின. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தவளுக்கு உயிரே போய்விட்டது. மருமகள் பெருமையை ஊரெல்லாம் சொன்ன மாமனார், ஜெபக் கூட்டத்தையே வீட்டுக்குக் கூட்டி வந்திருந்தார். கூட்டத் தலைவி ஜெபராணி மாடிப்படியில் கால் வைத்துவிட்டாள்.

"ஏறாத ஜெபராணி. இங்கன உக்காந்தே கேளு. நடுவுல புகுந்தா ஆவியானவரு போயிருவாரு." மாமியார் முதல் படியில் சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

வேறு வழியில்லை. ஜெசிந்தா கண்ணை மூடிக்கொண்டு உருபுகளை ஒவ்வொன்றாகச் சொன்னாள். ஒவ்வொன்றுக்கும் கீழேயிருந்து அல்லேலூயா வந்தது. அது என்ன சத்தம் என்று பேராசிரியர் கேட்டார். பக்கத்தில் திருவிழா என்று சமாளித்தாள். கடைசியில் அவர் சிரித்து, இடம் உனக்குத்தான் என்று சொல்லிவிட்டுப் போனார்.

கீழே வந்தவளின் கையைப் பிடித்துப் பெண்கள் தங்கள் தலையில் வைத்துக்கொண்டார்கள். மாமனார் கண் கலங்கி நின்றார். ஜெயித்த சந்தோஷம் போன இடம் தெரியவில்லை. வெட்கத்தில் அவளுக்குச் செத்துவிடலாம் போல இருந்தது.

கூட்டம் கலைந்து, மாமனாரும் தோட்டத்துக்குப் போனார். மாமியார் வழக்கம்போலக் கோயிலுக்குக் கிளம்பி, முக்காட்டைச் சரிசெய்துகொண்டிருந்தாள். ஜெசிந்தா ஓடிப்போய் அவள் கையைப் பிடித்தாள்.

"அத்தே, ஒங்கள ஏமாத்திட்டேன். அது அந்நிய பாஷையில்ல. பாடம். இன்னைக்குப் பரீட்சை."

"பாஸா?"

ஜெசிந்தா திகைத்துப்போய்த் தலையை மட்டும் ஆட்டினாள்.

"மொத நாளே கதவோரம் நின்னு கேட்டேன்த்தா. ஆவியானவரு பேசுறப்ப நடுவுல தப்பாச் சொல்லிட்டு 'சாரி சார்'னு சொல்லுவாரா?"

செபஸ்தியம்மாள் வாசலில் நின்று செருப்பை மாட்டினாள்.

"இன்னையோட அந்தப் பொய்யும் முடிஞ்சது. வாராவாரம் அதைத்தான அறிக்கையிடுறேன். சாமியாரே போன வாரம் கேட்டுட்டாக, 'ஒங்க மருமகளுக்குப் பரீட்சை எப்பம்மா முடியும்'னு."