இரண்டாவது வெடி

மலையே பிளந்ததுபோல் ஒரு சத்தம். மறுநொடி அழகுமீனா ஓடைக்கு நடுவே குப்புற விழுந்தாள், மகள் பிரீத்திகாவைத் தனக்கு அடியில் அமுக்கிக்கொண்டு.

அவள் மட்டுமா? அமாவாசைக்குச் சாமி கும்பிட்டுவிட்டு இறங்கிக்கொண்டிருந்த பட்டாசு ஆலைப் பெண்கள் அத்தனை பேரும் விழுந்தார்கள். பக்தர்களைக் கடத்திவிடக் கரையில் கயிறு பிடித்து நின்ற அடிவாரத்து ஊர்க்காரர்களும்தான். அவர்களும் பட்டாசுக் கம்பெனி வேனில் வேலைக்குப் போகிறவர்கள்தானே.

சிவகாசிப் பக்கம் இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆலையில் ஒரு ரூம் வெடித்தால் அடுத்த ரூமும் வெடிக்கும். அதுவரை தலையைத் தூக்கினால் போச்சு.

கணுக்கால் தண்ணீர் மூக்கில் ஏறியது. மீனா கண்ணை இறுக மூடிக்கொண்டு அடுத்த வெடிக்குக் காத்திருந்தாள்.

விலாவில் ஓர் உதை விழுந்தது.

அடிவாரத்துக் கருத்தப்பாண்டி. காலையில் ஏறும்போது எத்தனை தடவை வழி கேட்டும் பதில் சொல்லாமல் போனவன். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடுமோ என்று பெண்கள் கேலி பேசிச் சிரித்தது அவனைத்தான்.

இப்போதும் பேச்சில்லை, தொண்டைக்குள் ஓர் உறுமல் மட்டும். அவள் முடியைக் கொத்தாகப் பிடித்து இழுத்தான். அவன் கையைக் கடித்தாள். வாயெல்லாம் ரத்தம் உப்புக் கரித்தது. அவன் விடவில்லை. ஓங்கி ஓர் அறை அறைந்து, அவளுக்கு அடியில் கிடந்த பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு ஓடினான்.

"எம்பிள்ளையை விடுலே, நாசமாப் போறவனே!"

வெடியாவது ஒண்ணாவது. கைக்குக் கிடைத்த கல்லை எடுத்துக்கொண்டு மீனா பின்னாலேயே ஓடினாள்.

அவன் பிள்ளையைக் கரையில் எழுந்து நின்ற தன் மனைவி வெள்ளைத்தாயிடம் மூட்டைபோல் வீசினான். அதைப் பார்த்த பிறகுதான் ஊர்க்காரர்களுக்குப் புத்தி வந்தது. ஓடைக்குள் குதித்து, கிடைத்த கையையும் காலையும் பிடித்துப் பெண்களை இழுத்துப் போட்டார்கள்.

மீனாவோடு ஆலையில் வேலை பார்க்கும் தங்கத்தாய் மட்டும் எதிர்க்கரைப் பக்கம் கிடந்தாள். கருத்தப்பாண்டி அவளை நோக்கித் திரும்பினான்.

மீனாவின் கல் அவன் நெற்றியைப் பிளந்தது. அப்படியே கரையில் உட்கார்ந்துவிட்டான்.

அப்போதுதான் வந்தது. செம்மண் தண்ணீரும் மரமும் பாறையுமாக ஓடை எழுந்து வந்தது. தங்கத்தாய் அந்த நேரத்திலும் தலைமேல் கைகளைக் கோத்தபடி அடுத்த வெடிக்குக் காத்துக் கிடந்தாள். வெள்ளம் அவளைச் சுருட்டிக்கொண்டு போனது.

மீனா பிரீத்திகாவை வாரி அணைத்துக்கொண்டாள். எல்லோருக்கும் வெடியாகக் கேட்டது, இந்த மனுசனுக்கு மட்டும் எப்படித் தண்ணீர் என்று தெரிந்தது? வாய்விட்டே கேட்டுவிட்டாள்.

வெள்ளைத்தாய் புருஷன் நெற்றியை முந்தானையால் அமுக்கிப் பிடித்திருந்தாள்.

"அவுகளுக்குப் பிறவியிலயே காது கேக்காது, பேச்சும் வராது தாயி. சத்தம் வந்ததே தெரியாது. மேல தண்ணி செவந்து வந்ததைத்தான் பாத்தாக."

கருத்தப்பாண்டி கண்ணில் இறங்கிய ரத்தத்தைப் புறங்கையால் வழித்தான். கரையில் கிடந்த பெண்களை ஒவ்வொருத்தியாகப் பார்த்தான். பிறகு மீனாவிடம் ஒரு விரலைத் தூக்கிக் காட்டி, இன்னும் ஒருத்தி எங்கே என்று சைகையில் கேட்டான்.