இருபது படுக்கை மியூசியம்

கம்பெனி ஆஸ்பத்திரியை மூடிவிட்டு அதை மியூசியமாக்கப் போகிறார்கள் என்று தெரிந்த அன்றே, சி.எஸ்.ஆர். மேடத்துக்கு வணக்கம் வைப்பதை உலை மேஸ்திரி நிறுத்திவிட்டார்.

ஏனென்றால் அது அந்த அம்மாவின் யோசனை. சேர்மன் அறைக்குக் காபி கொண்டுபோன பியூன் தன் காதாலேயே கேட்டிருந்தார்.

அது கண்ணாடித் தொழிற்சாலை. கை சுடுவதும் விரல் கிழிவதும் வாரத்துக்கு நாலு தடவையாவது நடக்கும். சேர்மனின் கொள்ளுத்தாத்தா கம்பெனி தொடங்கிய மறுவருஷமே, தொழிலாளிகளுக்கென்று இருபது படுக்கையோடு வளாகத்துக்குள் கட்டிய ஆஸ்பத்திரி அது. அதை விட்டால் அடுத்த ஆஸ்பத்திரிக்கு பஸ்ஸில் ஒரு மணி நேரம்.

சொந்தத் தொழிலாளிக்கு வைத்தியம் பார்ப்பது, சட்டப்படி செலவு செய்தாக வேண்டிய சி.எஸ்.ஆர். என்கிற சமூகப் பொறுப்புக் கணக்கில் வராது என்று ஆடிட்டர் சொல்லிவிட்டாராம். அப்படியானால் மூடிவிடலாம் என்றாராம் சேர்மன். உடனே மேடம் எழுந்து, "மியூசியமா ஆக்கிடலாம் சார். பாரம்பரியத்தைக் காப்பாத்தினா அது கணக்குல வரும்" என்றாராம்.

சேர்மனுக்கு அது ரொம்பவே பிடித்துப்போனது. கொள்ளுத்தாத்தா காலத்தில் எப்படி நடந்ததோ அப்படியே தத்ரூபமாகக் காட்ட வேண்டும் என்று மேடம் சொன்னதற்கெல்லாம் தலையாட்டினார்.

வீட்டுக்கு அனுப்பியிருந்த டாக்டரையும் இரண்டு நர்ஸுகளையும், டாக்டராகவும் நர்ஸுகளாகவும் நடிப்பதற்கு மறுபடி வேலைக்கு எடுத்தார்கள். மருந்து அலமாரி காலியாக இருந்தால் பார்க்கிறவர்கள் நம்ப மாட்டார்கள் என்று மருந்து வாங்கி நிரப்பினார்கள். தேதி முடிந்த மருந்து கண்ணில் பட்டால் கம்பெனி பெயர் கெட்டுவிடும் என்று மாதாமாதம் மாற்றவும் உத்தரவு போட்டார்கள்.

நோயாளியாக நடிக்கத் தொழிலாளிகளிலேயே ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் மேஸ்திரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இதுக்கு மேல ஒரு மனுஷனை அவமானப்படுத்த முடியாது" என்று வீட்டில் மனைவியிடம் புலம்பினார். அவள் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள்.

திறப்பு விழாவுக்கு, சமூகப் பொறுப்புக்காகக் கம்பெனிகளுக்கு விருது தரும் குழுவிலிருந்து ஆறு பேர் வந்திருந்தார்கள். கொள்ளுத்தாத்தாவிடமிருந்து இன்றைய நிறுவனங்கள் கற்க வேண்டிய பாடம் ஒன்றே ஒன்றுதான், கூட உழைக்கிறவனை முதலில் கவனி என்பதுதான் அது என்று சேர்மன் உருக்கமாகப் பேசினார். மூடிய ஆஸ்பத்திரியின் வாசலில் நின்றுகொண்டு பேசினார். எல்லோரும் கை தட்டினார்கள். மேஸ்திரி கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

உள்ளே போனால், முதல் படுக்கையில் அவருடைய சொந்த மச்சினன்.

அவன் கண்ணாடி அறுக்கும் பிரிவு. ஷிஃப்ட் வேறு என்பதால் பார்த்து நாலு நாளாகியிருந்தது. முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தையல் போட்ட மாதிரி ஒப்பனை. அந்தக் காலத்து நீளக் கோட்டு மாட்டிய டாக்டர், பஞ்சில் மருந்தை நனைத்து அதைத் துடைத்தார்.

மச்சினன், "ஐயோ, அம்மா" என்று அலறினான்.

விருதுக் குழு அசந்துபோனது. ஒரு பெண்மணி மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு குனிந்து, ஒப்பனை யார் செய்தது என்று விசாரித்தார். இன்னொருவர், தான் வீடியோ எடுப்பதற்குள் முடிந்துவிட்டது, இன்னொரு தடவை அலற முடியுமா என்று கேட்டார். அடுத்த காட்சி நாளை மறுநாள்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

சேர்மனுக்குப் பெருமை தாங்கவில்லை. அடுத்த வருஷம் இன்னும் பத்துப் படுக்கை சேர்க்கிறோம் என்று அந்த இடத்திலேயே அறிவித்தார்.

வயிற்றுப்பாட்டுக்காக இப்படியெல்லாம் கத்திக் காட்ட வேண்டியிருக்கிறதே என்று மேஸ்திரிக்கு வேதனையாக இருந்தது. மச்சினன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். முகத்தைத் திருப்பிக்கொண்டு வெளியே வந்துவிட்டார்.

விருந்தாளிகளின் கார்கள் கிளம்பியதும் மேடத்தை வராந்தாவில் மடக்கினார்.

"ஆஸ்பத்திரியை மூடிட்டு, அதுக்குள்ளயே ஆஸ்பத்திரி நாடகம் போடுறீங்களே மேடம், உங்களுக்குக் கூச்சமா இல்லையா?"

இன்னும் நிறையக் கேட்க நினைத்திருந்தார். ஆனால் இருமல் வந்துவிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும் வரைக்கும் இருமினார்.

அது அடங்கியதும் மேடம் கேட்டார்.

"எத்தனை நாளா இருக்கு?"

"ரெண்டு மாசமா. அதை விடுங்க, நான் கேட்டதுக்கு முதல்ல பதில் சொல்லுங்க."

மேடம் சேர்மன் அறைப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"நாளைக்குக் காலையில ஏழரைக்கு வெறும் வயித்தோட வாங்க மேஸ்திரி, டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்க்கட்டும். யாராவது கேட்டா மட்டும், இருமல்காரர் வேஷத்துக்கு வந்தேன்னு சொல்லிடுங்க."