தூசிக் குழாய்

குழாய் மறுபடியும் கழன்று விழுந்தது.

ரம்ப மிஷினின் அடியிலிருந்து தேக்குத் தூள் குபுகுபுவென்று கிளம்பிக் கொட்டகை முழுக்கப் பறந்தது. மொக்கையன் சுவிட்சை அணைத்துவிட்டுத் தலையில் கைவைத்து உட்கார்ந்தான்.

போடி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த அந்தத் தச்சுப் பட்டறை அவனுடையது. ஏலக்காய் வியாபாரி உக்கிரபாண்டி ஓர் அலமாரி கேட்டிருந்தார், சாம்பிள் தட்டுகள் வைக்க. பலகைகளை வேண்டியபடி ஏற்றி இறக்கிக்கொள்ள வேண்டும். அதற்கு அலமாரியின் இரண்டு பக்கமும் நெடுக ஓட்டைகள் போட்டு, மர முளை செருகி, முளைகளின் மேல் பலகையை உட்கார வைக்க வேண்டும்.

பலகைதான் உட்காரவில்லை. ஒரு பக்க ஓட்டைக்கும் மறுபக்க ஓட்டைக்கும் நேர் இல்லாமல், மூலை தூக்கிக்கொண்டு ஆடியது.

அலமாரி கடைக்குப் போய்த் திரும்பியும் வந்துவிட்டது. தட்டு சரிந்து முதல்தரக் காய் அத்தனையும் தரையில் கொட்டிவிட்டதாம். இந்த முறையும் ஆடினால் மதுரையில் இரும்பு அலமாரி வாங்கிக்கொள்வதாகச் சொல்லியனுப்பியிருந்தார்.

"எல்லாம் இந்தத் தூசியால வர்ற வினை. கோடு போட்டுட்டு நிமிர்றதுக்குள்ள மூடிருது. எந்த இடத்துல டிரில்லை வைக்கிறது?"

மொக்கையன் ஒரு வாரமாக இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தான். அவன் ஒரு பக்கம் ஓட்டை போடுவான். மைத்துனன் பால்பாண்டி மறுபக்கம் மிஷினில் மரம் அறுப்பான். அறுக்கிற தூளெல்லாம் பலகை மேல்தான் வந்து படிந்தது.

அதற்காகத்தான் ஏலக்காய் தூற்றுகிற பழைய மிஷின் ஒன்றின் காற்றாடியை வாங்கி வந்து, அதைத் தூசி இழுக்கத் திருப்பி மாட்டியிருந்தான். வயலுக்குத் தண்ணீர் இறைக்கும் பச்சைக் குழாயை ரம்பம் வரைக்கும் இழுத்துவிட்டான். தூசி வெளியே வர ரம்பத்துக்கு அடியில் தகரத்தில் ஒரு வாய் வைத்தான். குழாய் அகலம், தகர வாய் குறுகல். இரண்டும் சேர மாட்டேன் என்றன.

சைக்கிள் டியூப்பை வெட்டிச் சுற்றினான். மிஷின் அதிர்ந்த அதிர்வில் நழுவிவிட்டது. ஜீப்பு ரேடியேட்டர் குழாய் நடுவில் நுழையவே இல்லை. சாக்கைக் கிழித்துத் திணித்தான். அதை உறிஞ்சி விழுங்கிவிட்டுக் காற்றாடி நின்றுபோனது. தாரை உருக்கி ஊற்றினான். அதுவும் விட்டுவிட்டது.

"தூசிக்குப் பயந்தா இந்தச் சோலிக்கு வரலாமா மாமா?" என்று சிரித்தான் பால்பாண்டி.

மொக்கையன் குழாயை ஓங்கி உதைத்தான். கட்டைவிரல்தான் வலித்தது.

மனைவி சுந்தரம்மாள் காப்பி கொண்டுவந்து நீட்டினாள். வாங்கிய மொக்கையன் குடிக்காமல் டம்ளரையே தடவிக்கொண்டிருந்தான். அலுமினிய டம்ளர். மேலே அகலம், கீழே குறுகல்.

காப்பியைச் சுடச்சுட ஒரே மூச்சில் குடித்தான். டம்ளரைக் கவிழ்த்து, அடிப்பக்கத்தை அறுத்தெறிந்தான்.

"நல்ல டம்ளருங்க" என்றாள் சுந்தரம்மாள்.

அகன்ற பக்கம் குழாய்க்குள் இறுக்கமாக இறங்கியது. குறுகிய பக்கம் தகர வாயின் மேல் கச்சிதமாக ஏறியது. இரண்டு பக்கமும் டியூப்பைச் சுற்றிக் கட்டினான்.

"இப்ப அறு மாப்ளே."

பால்பாண்டி அறுத்தான். குழாய் கழலவில்லை. தூள் அத்தனையும் சரசரவென்று உள்ளே ஓடி, கொட்டகைக்கு வெளியே கட்டிய சாக்கில் போய் விழுந்தது. நீளப் பலகை ஒன்றை முழுசாக அறுத்து முடித்த பிறகும் கொட்டகைக்குள் காற்று சுத்தமாக இருந்தது. பால்பாண்டியின் சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

மொக்கையன் அலமாரியின் புதுப் பக்கப் பலகையைத் துண்டால் துடைத்தான். சுந்தரம்மாள் எட்டிப் பார்த்தாள்.

"துளித் தூசி இல்லைங்க. பென்சில் கோடு பளிச்சுன்னு தெரியுது."

அவன் குனிந்தான். கண்ணைத் துண்டால் ஒற்றிக்கொண்டு மறுபடியும் குனிந்தான். மூக்கு மரத்தில் படுகிற அளவுக்குக் குனிந்து பார்த்தான்.

நேற்று மூடியிருந்த அதே வெள்ளைப் புகைதான் இன்றும் பலகையை மூடியிருந்தது. கோட்டைக் காணோம்.

"ஆமா, தெரியுது" என்றான்.

டிரில்லை எடுத்தான். அது கோட்டுக்கு நாலு விரல் தள்ளி அந்தரத்தில் நின்றது. சுந்தரம்மாள் டிரில்லைப் பார்க்கவில்லை, அவன் முகத்தைப் பார்த்தாள்.

பிறகு தம்பிக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள். "எதுக்கு ஒவ்வொரு தடவையும் கோடு போட்டுக்கிட்டு? ஒரு மரச் சட்டத்துல ஒழுங்கா ஓட்டையைப் போட்டு வச்சுக்கிட்டா, அதையே ரெண்டு பக்கமும் மேல வச்சுப் போட்டுரலாம்ல. கைக்கே தட்டுப்படும்."

கைக்கே என்ற சொல்லை அவள் கொஞ்சம் மெதுவாகச் சொன்னாள்.

மொக்கையன் டிரில்லைக் கீழே வைத்தான். எப்போதிலிருந்து இவளுக்குத் தெரியும் என்று நினைத்தான்.

அவளே அளந்து குறித்தாள். பால்பாண்டி சட்டத்தில் ஓட்டை போட்டுக் கொடுத்தான். மொக்கையன் சட்டத்தைப் பலகைமேல் வைத்துக் கட்டி, இடது கை விரலால் ஓட்டையைத் தேடி, அதற்குள் டிரில்லை இறக்கினான். ஒரு பக்கம் முடிந்ததும் அதே சட்டத்தை மறுபக்கத்தில் வைத்துக் கட்டினான். முளைகளைச் செருகிப் பலகையை வைத்தபோது, பால்பாண்டி மூலையில் ஓங்கித் தட்டிப் பார்த்தான். அசையவில்லை.

"என்னமா யோசிக்கிற அக்கா" என்றான் நிஜமாகவே வியந்து.

சுந்தரம்மாள் துண்டை வாங்கி உதறினாள்.

"நாளைக்கு நீ ஒத்தையா பட்டறையப் பாத்துக்கடா. டிரில்லுக்குப் பிட்டு வாங்கணும். நாங்க ரெண்டு பேரும் மதுரை ரயிலுக்குப் போறோம்."

பால்பாண்டி டிரில்லைத் தூக்கிப் பார்த்தான். அதன் முனையில் பிட்டு புதுசாக மின்னியது.

"இது நல்லாத்தானக்கா இருக்கு?"

"மதுரையில காட்டுனாத்தான் தெளிவாத் தெரியும்" என்றாள் அவள். மொக்கையன் மனைவியின் குரல் வந்த பக்கம் திரும்பி மெல்லத் தலையாட்டினான்.